வண்ண மக்காச்சோளமா, சிலந்திப் பூவா?



சென்ற ஆண்டு ஒரு சிறு வழக்கிற்குத் தீர்ப்புச் சொல்ல என்னை அழைத்தார்கள். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். செடிகளைப் பற்றிய வழக்கில் எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் தன் பள்ளியின் தோட்டக் குழுவில் இருக்கிறாள். எனக்கும் அந்த வழக்கிற்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்!

பள்ளியின் முன்புறம், கொடிக்கம்பத்திற்கு அருகில் ஒரு பாத்தி காலியாக இருந்தது. 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். நல்ல வெயில் படும் இடம். ஆனால் குழாயில் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். மாணவர்கள் களையெல்லாம் பிடுங்கி, மண்ணைக் கொத்தித் தயாராக வைத்திருந்தார்கள். என்ன நடுவது என்பதில்தான் தகராறு. பாதிப் பேர் சிலந்திப் பூ வேண்டும் என்றார்கள். மீதிப் பேர் வண்ண மக்காச்சோளம் வேண்டும் என்றார்கள்.

“சோளம் காட்டில் விளைய வேண்டியது. கொடிக்கம்பத்துப் பக்கத்தில் யாராவது சோளம் போடுவார்களா?” என்றது ஒரு கட்சி. “அந்தப் பூச்செடியில் முள் இருக்கிறது, கிட்டே போனால் ஒரு மாதிரி வாடை வருகிறது” என்றது மறு கட்சி.

அன்று நான் சொன்ன கருத்தையும், அந்தக் கருத்து எப்படித் திருத்தப்பட்டது என்பதையும் உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. உங்கள் பள்ளியிலும் இப்படி ஒரு காலிப் பாத்தி இருக்கும் அல்லவா?

இரு கட்சிக்காரர்களும் யார்?

முதலில் இருவரையும் அறிமுகம் செய்துகொள்வோம்.

சிலந்திப் பூவின் தாயகம் தென் அமெரிக்கா. பராகுவே, அர்ஜெண்டினா, தென்கிழக்குப் பிரேசில் பகுதிகளில் இது இயற்கையாக வளர்கிறது. கிளியோம் என்ற பெயரில் தோட்டக்காரர்கள் இதை அறிவார்கள். ஆள் மார்பளவு உயரம் வளரும். விரல்களை விரித்த கை போன்ற இலை. உச்சியில் இளஞ்சிவப்பு, ஊதா அல்லது வெள்ளை நிறத்தில் பெரிய பூங்கொத்து. ஒவ்வொரு பூவிலும் 4 இதழ்கள், 6 நீண்ட மகரந்தத் தாள்கள். அந்தத் தாள்கள் சிலந்தியின் கால்களைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால்தான் இந்தப் பெயர். பூங்கொத்து கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும். மேலே மொட்டு, நடுவே பூ, கீழே நீண்ட காம்பில் தொங்கும் காய் என்று மூன்று பருவங்களையும் ஒரே தண்டில் காணலாம்.

வண்ண மக்காச்சோளம் நாம் வேகவைத்துத் தின்னும் மக்காச்சோளமேதான். தனி இனம் அன்று. மணிகள் மஞ்சளாக மட்டும் இல்லாமல் ஊதா, சிவப்பு, நீலம், வெள்ளை எனப் பல நிறங்களில் இருக்கும். சில வகைகளில் இலையிலேயே வெள்ளையும் இளஞ்சிவப்பும் கோடுகளாக ஓடும். மக்காச்சோளத்தின் தாயகம் மெக்சிகோ. தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த உழவர்கள் இதை உருவாக்கினார்கள். அந்தப் புல்லின் கதிரில் கல் போன்ற ஓட்டுக்குள் ஐந்தாறு முதல் பத்துப் பன்னிரண்டு மணிகளே இருக்கும். அதிலிருந்து நூற்றுக்கணக்கான மணிகள் கொண்ட கதிரை, தலைமுறை தலைமுறையாக நல்ல விதையைப் பொறுக்கிப் பொறுக்கியே படைத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘அலங்காரச் சோளம்’ என்று கடைக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு அது அலங்காரம் அன்று, அன்றாட உணவு. நம் நாட்டிலும் வடகிழக்கு மலைக் கிராமங்களில் நிற மணிச் சோளத்தை உணவாகவே வளர்க்கிறார்கள். 2012இல் கண்ணாடி மணிகளைப் போல மின்னும் ஒரு சோளக் கதிரின் படம் உலகெங்கும் பரவியது. அதை உருவாக்கியவர் ஓக்லஹோமா மாநிலத்து உழவர் கார்ல் பார்ன்ஸ். செரோகி பழங்குடி வழியில் வந்த அவர், தம் முன்னோர்களின் சோள வகைகளைத் தேடிச் சேர்த்து வளர்த்தார். அந்த முயற்சியில் பிறந்ததுதான் அக்கதிர். ஆகவே, அழகுச் செடி, உணவுச் செடி என்று நாம் போடும் கோடு செடிக்குத் தெரியாது.

நான் செய்த தவறு

இனி என் அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரே வரிசையில் 10 வண்ணச் சோளச் செடிகளை வளர்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தன. கதிரை உரித்துப் பார்த்தால் அங்கொரு மணி, இங்கொரு மணி. பல் விழுந்த பாட்டியின் சிரிப்பைப் போல இருந்தது! விதை சரியில்லை என்று எண்ணினேன். விதை சரியாகத்தான் இருந்தது. என் இயற்பியல்தான் தூங்கிவிட்டது.

சோளச் செடியின் உச்சியில் இருப்பது ஆண் பூக்கொத்து. இடுப்பில் இருப்பது பெண் கதிர். கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்கு உரியது. நூலின் மேல் மகரந்தத் துகள் விழுந்தால் மணி உண்டு. விழாவிட்டால் அந்த இடம் காலி. வண்டும் தேனீயும் இங்கே தேவையில்லை. காற்றுதான் தரகர்.

ஒரு கணக்குப் போடுவோம். சோள மகரந்தத் துகளின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மகரந்தங்களில் இது பெரியது. காற்றில் விழும்போது, விழுந்த சிறிது நேரத்திலேயே சீரான வேகத்தை அடைந்துவிடும். அந்த வேகம் விநாடிக்கு 25 சென்டிமீட்டர் அளவு. உச்சிக்கும் கதிருக்கும் 1 மீட்டர் இடைவெளி என்றால், கீழே வர 4 விநாடி ஆகும். அந்த 4 விநாடியில் காற்று அதை எவ்வளவு தூரம் தள்ளும்? காலை நேரத்து மெல்லிய காற்று விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வீசினால் 2 மீட்டர்.

இப்போது புரிகிறதா? நான் ஒரே வரிசையாக நட்டேன். குறுக்கே வீசிய காற்று மகரந்தத்தை 2 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் முற்றத்தில் கொட்டியது. முற்றத்தில் பட்டு நூல் ஏது? அதே செடிகளை நான்கு வரிசைகளாக, சதுரமாக நட்டிருந்தால், ஒரு வரிசையின் மகரந்தம் அடுத்த வரிசையின் நூலில் விழுந்திருக்கும். வயலில் உழவர் தோட்டம் முழுக்கப் போடுவதால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. வகுப்பில் இதே வேகத்தைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டுபவன் நான். பாடம் சொல்வது வேறு, பாடத்தைப் பாத்தியில் காண்பது வேறு என்று அன்றுதான் உணர்ந்தேன்.

ஒவ்வொரு அம்சமாக ஒப்பிடுவோம்

அழகில் யார் பெரியவர்? தயங்காமல் சொல்லலாம், சிலந்திப் பூதான். விதைத்து இரண்டு மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்கினால், வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். சோளமோ மூன்று மூன்றரை மாதங்களில் காய்ந்து நிற்கும். அதன் உண்மையான அழகு உறைக்குள் ஒளிந்திருக்கிறது. கதிரை உரிக்கும் அந்த ஒரு நாளுக்காக நூறு நாள் காத்திருக்க வேண்டும்.

தொல்லையில்? இரண்டிலும் உண்டு. சிலந்திப் பூவின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் முள் இருக்கும். சிறு பிள்ளைகள் ஓடும் பாதையோரத்தில் அதை நடுவது நல்லதன்று. தண்டும் இலையும் பிசுபிசுக்கும். காய் முற்றி வெடித்தால் விதைகள் கொட்டி, அடுத்த பருவத்தில் கேட்காமலே முளைக்கும். பல நாடுகளில் தோட்டத்தைத் தாண்டி வெளியேயும் பரவியிருக்கிறது. எனவே வளர்ப்பவர்கள் முற்றுவதற்கு முன் காய்களைப் பறித்துவிட வேண்டும். சோளத்திற்கோ உரம் நிறைய வேண்டும். கிளியும் அணிலும் விருந்துக்கு வரும். 2018இல் இந்தியாவிற்குள் வந்துவிட்ட அமெரிக்கப் படைப்புழு வேறு குருத்துக்குள் புகுந்து தின்னும். மேலும், பக்கத்தில் யாராவது விதைக்கென்று மக்காச்சோளம் பயிரிட்டிருந்தால் நம் வண்ண மகரந்தம் அவர் கதிரில் கலந்துவிடும். அங்கே வண்ணச் சோளம் வேண்டாம்.

தண்ணீரில்? இங்கேதான் சுவையான விஷயம் இருக்கிறது. இலைகள் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரை செய்கின்றன என்று படித்திருக்கிறீர்கள். பிடிக்கும் வேலையைச் செய்யும் நொதிக்கு ரூபிஸ்கோ என்று பெயர். அதற்கு ஒரு குறை உண்டு. வெயில் ஏற ஏற, கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனையும் பிடித்துவிடும். பிடித்தால் செடிக்கு நட்டம். சிலந்திப் பூ, நெல், அவரை போன்ற பெரும்பாலான செடிகள் இந்த நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு வாழ்கின்றன. இவற்றை சி-3 செடிகள் என்பார்கள்.

மக்காச்சோளம் ஓர் உபாயம் செய்கிறது. அதன் இலை நரம்புகளைச் சுற்றி மாலை கோத்தாற்போல் ஒரு வரிசைச் செல்கள் இருக்கின்றன. வெளியிலுள்ள செல்கள் வேறொரு நொதியைக் கொண்டு கரியமில வாயுவைப் பிடித்து, 4 கார்பன் அணுக்கள் கொண்ட அமிலமாக மாற்றி, மாலைச் செல்களுக்கு அனுப்புகின்றன. அங்கே வாயு மீண்டும் வெளிப்பட்டு அடர்த்தியாக நிறைகிறது. அந்த நெரிசலில் ரூபிஸ்கோவிற்கு ஆக்சிஜனைப் பிடிக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. 4 கார்பன் என்பதால் இது சி-4 முறை. 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இரு அறிஞர்கள் கரும்பு இலையில் இதை விளக்கிக் காட்டினார்கள்.

இதற்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு? கரியமில வாயு உள்ளே வர இலைத்துளை திறக்க வேண்டும். திறந்தால் நீராவி வெளியே போகும். குறைந்த வாயுவைக் கொண்டே வேலை செய்ய முடிந்த சி-4 செடி, துளையைக் குறைவாகத் திறந்தால் போதும். 1 கிராம் உலர்ந்த எடை வளர, சி-3 செடி ஏறத்தாழ 500 கிராம் நீரைச் செலவிடுகிறது என்றால், சி-4 செடி ஏறத்தாழ 250 கிராம் செலவிடும். ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். இது ஒரு கிராமுக்கான கணக்கு. சோளச் செடி விரைவாகப் பெரிதாக வளர்வதால், ஒரு செடி குடிக்கும் மொத்த நீர் குறைவாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

புள்ளி மணி சொன்ன கதை

பள்ளித் தோட்டத்துச் செடிக்கு நான் வைக்கும் தேர்வு இதுதான்: அது எத்தனை கேள்விகளை எழுப்புகிறது? அவற்றுள் எத்தனைக்கு மாணவரே விடை காண முடியும்? இந்தத் தேர்வில் வண்ணச் சோளம் முதல் மதிப்பெண் வாங்குகிறது.

ஒரு கதிரை எடுத்து, சுற்றிலும் எத்தனை வரிசை மணிகள் என்று எண்ணுங்கள். 8, 10, 12, 14, 16 என்று இரட்டைப் படையாகத்தான் வரும். காரணம், கதிர் உருவாகும்போதே சிறு பூக்கள் ஜோடி ஜோடியாகத் தோன்றுகின்றன. அடுத்து நிறம். ஒரே கதிரில் ஊதா மணியும் மஞ்சள் மணியும் எப்படி அருகருகே இருக்கின்றன? ஒவ்வொரு நூலிலும் வெவ்வேறு செடியின் மகரந்தம் விழுந்திருக்கலாம். தாய் ஒன்று, தந்தையர் பலர். ஊதா, மஞ்சள் என்ற தூய வகைகள் இரண்டைக் கலந்து, அந்தக் கலப்பு விதையை வளர்த்து, தன் மகரந்தத்தையே சேரவிட்டால், மெண்டலின் 3:1 விகிதத்தைப் பட்டாணி இல்லாமலே ஒரு கதிரில் எண்ணிவிடலாம்.

இன்னும் சில மணிகளில் வெளிறிய தோலின் மேல் ஊதாப் புள்ளிகளும் கீற்றுகளும் காணப்படும். எல்லாரும் பார்த்துவிட்டுப் போன இந்தப் புள்ளிகளை அமெரிக்கப் பெண் விஞ்ஞானி பார்பரா மக்ளிண்டாக் விடாமல் ஆராய்ந்தார். டி.என்.ஏ.வின் சில துண்டுகள் ஓரிடத்தில் நிற்காமல் இடம்விட்டு இடம் தாவுகின்றன என்று 1940களில் கண்டறிந்தார். நிறம் தரும் ஜீனுக்குள் ஒரு துண்டு புகுந்துகொண்டால் நிறம் நின்றுவிடும். மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு வெளியேறினால், அந்தச் செல்லின் வழி வந்த செல்களில் மட்டும் நிறம் திரும்பும். சீக்கிரம் வெளியேறினால் பெரிய புள்ளி. தாமதமானால் சிறு புள்ளி. 1951இல் அவர் இதை ஒரு கூட்டத்தில் விளக்கியபோது கேட்டவர்களில் பெரும்பாலோர் நம்பவில்லை. 1983இல் நோபல் பரிசு தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது 81. அவருடைய முதன்மையான கருவிகள் ஒரு சோளக் காடும், ஒரு நுண்ணோக்கியும், பொறுமையும்தான்.

தீர்ப்பும் மேல் முறையீடும்

இவ்வளவையும் சொல்லி, “வண்ணச் சோளமே நடுங்கள். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் 5 வரிசை, வரிசைக்கு 12 செடி” என்று தீர்ப்புக் கூறினேன். கை தட்டினார்கள். எனக்கும் மகிழ்ச்சி.

அப்போது பின்னால் நின்ற எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: “சார், சோளம் குறைந்த தண்ணீரில் வளரும் என்றீர்களே, சோளத்தை மட்டும் வளர்த்தால் எதோடு சார் ஒப்பிட்டுப் பார்ப்பது?”

நான் வாயடைத்துப் போனேன். அறிவியலின் முதல் பாடத்தை அந்தச் சிறுமி எனக்கு நினைவூட்டினாள். ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. ஒப்பிட மற்றொன்று வேண்டும். தீர்ப்பைத் திருத்திக்கொண்டேன். முன்னால் 4 வரிசை சோளம். பின்னால், பிள்ளைகள் ஓடாத பக்கம், ஒரு வரிசை சிலந்திப் பூ.

ஆனால் அவள் கேள்வி என்னை அதோடு விடவில்லை. சோளம் ஒரு புல். சிலந்திப் பூ வேறு குடும்பம். இரண்டுக்கும் எத்தனையோ வேற்றுமைகள் உண்டு. தண்ணீரில் காணும் வேற்றுமை சி-4 முறையால் மட்டுமே வந்தது என்று எப்படிச் சொல்வது? சிலந்திப் பூவின் நெருங்கிய உறவாக ஒரு சி-4 செடி கிடைத்தால் ஒப்பீடு இன்னும் நேர்மையாக இருக்கும் அல்லவா?

அப்படி ஒரு செடி உண்டு. அதைத் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பாத்தியிலிருந்து பிடுங்கிய களைக் குவியலிலேயே அது கிடந்தது. நம் நல்வேளைதான்! விரித்த கை போன்ற அதே இலை, நீட்டிய தாள்களோடு சிறிய வெள்ளைப் பூ. வேலியோரத்திலும் தரிசிலும் தானே முளைப்பது. கீரையாகச் சமைத்தும் உண்பார்கள். சிலந்திப் பூ சி-3. அதன் உறவான நல்வேளை சி-4. சோளத்துக்கு ஏதும் உறவில்லாத இந்தச் செடி, சோளத்தின் உபாயத்தைத் தானே தனியாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நெல்லிலும் சி-4 முறையைக் கொண்டுவர முடியுமா என்று ஆராயும் விஞ்ஞானிகள் நல்வேளையையும் சிலந்திப் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள். நாமோ பணம் கொடுத்து வாங்கிய விதைக்கு இடம் தேடி, சும்மா கிடைத்த அதன் உறவைப் பிடுங்கி எறிந்துவிட்டோம்.

வேர் அறாத நாலைந்து நல்வேளைச் செடிகளை மாணவர்கள் பொறுக்கி எடுத்து, சிலந்திப் பூ வரிசையின் ஓரத்தில் நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டு பிழைத்தன.

நண்பர்களே, என் கருத்து இப்போது இதுதான். ஒரு பள்ளிப் பாத்தியில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் வண்ணச் சோளம் நடுங்கள், ஆனால் சதுரமாக நடுங்கள். இரண்டுக்கு இடம் இருந்தால் பின்னால் சிலந்திப் பூ. ஒரு நாள் மாலை சற்று நேரம் காத்திருந்து, புது மொட்டுகள் விரிவதையும் பாருங்கள். எது நட்டாலும், களை பிடுங்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிடுங்கப் போகும் செடியின் பெயர் என்ன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அதன் இலையை வெளிச்சத்தில் பிடித்து, கை லென்சின் வழியே நரம்புகளை எண்ணுங்கள். சி-4 இலையில் நரம்புகள் நெருக்கமாக ஓடும்; சி-3 இலையில் இடைவெளி கூடும். நல்வேளை இலையையும் சிலந்திப் பூவின் இலையையும் அருகருகே வைத்து நீங்களே கண்டுகொள்ளலாம்.

என் தீர்ப்பை ஒரு எட்டாம் வகுப்பு மாணவி திருத்தினாள். உங்கள் பாத்தியில் நீங்கள் காண்பது இதையும் திருத்தக்கூடும். அப்படித் திருத்தினால் எனக்கு மகிழ்ச்சியே.